உலகமயமாக்கலால் தொழில் வடிவமைப்புக்கும் உற்பத்திக்கும் உள்ள உறவு எப்படி மாறியது?

1907-இல் ஜெர்மானிய வடிவமைப்பாளர் பீட்டர் பேரன்ஸ் பெர்லினின் ஏ.இ.ஜி. என்ற மின்சாதன நிறுவனத்துக்கு வடிவமைக்க வந்தபோது, வரைந்ததைச் செய்து பார்க்கத் தொழிற்சாலையும் அதே நிறுவனத்திடம் இருந்தது. கண்டெய்னர் கப்பல்களும் கணினி வரைபடங்களும் வந்தபின் அந்த நெருக்கம் தளர்ந்தது. ஆப்பிளின் பாட்டுக் கருவியான ஐபாடின் முதுகிலேயே எழுதியிருக்கும்: வடிவமைத்தது கலிபோர்னியாவில், பொருத்தியது சீனாவில்.

சரி, இதில் என்ன இழப்பு? பிளாஸ்டிக் உறையின் பக்கச்சுவரில் ஒன்றிரண்டு டிகிரி சாய்வு இல்லாவிட்டால் அது வார்ப்பு அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வராது. பட்டறைக்குப் பக்கத்தில் இருக்கும் வடிவமைப்பாளருக்கு இது அன்றே தெரிந்துவிடும். தூரத்தில் இருப்பவரோ, மாதிரிப் பொருள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும்.

அப்புறம், எனக்குப் பெரிய மாற்றமாகப் படுவது இது: அச்சு செய்பவரின் அனுபவம் தொழிற்சாலை இருக்கும் ஊரில்தான் சேர்கிறது. அதனால்தான் பிறர் வரைந்ததைச் செய்து கொடுத்த சீன நகரமான ஷென்சென் இன்று தானே வடிவமைக்கிறது.