வளைந்த முதுகை நிமிர்த்திய பிறகு: உங்கள் கேள்விகளும் பதில்களும்

முதுகுத்தண்டு வளைவுக்குப் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. சிலரைப் பத்து வருடங்களுக்கு மேலாகப் பார்த்து வருகிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கிக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. முதுகை நிமிர்த்த இடுப்பெலும்பு வரை ராட் (உலோகக் கம்பி) வைத்து மூன்று மாதம் ஆகிறது. எக்ஸ்ரே அருமை என்கிறார் டாக்டர். அம்மாவோ, "ஏன்தான் இதைச் செய்துகொண்டேனோ" என்று அழுகிறார்.

பதில்: மூன்றாம் மாதத்தில் இந்த அழுகையை நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்க்ரூ போடுவதற்காக முதுகுத் தசைகளை எலும்பிலிருந்து பிரித்து ஒதுக்கியிருப்பார்கள். அவற்றுக்குப் பலம் திரும்பவே மாதக்கணக்காகும். ராட் வைத்த இடத்தில் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து கூடுவதற்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், இந்த வயதில் அதற்கு மேலும் ஆகலாம். ஆய்வாளர்களும் பலனை இரண்டு வருடம் கழித்துத்தான் எடைபோடுகிறார்கள். "வலி எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்பதை விடுங்கள். எத்தனை நிமிடம் நிமிர்ந்து நடந்தார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் அதை அவரிடமே காட்டுங்கள். ஆனால் காய்ச்சல், காயத்தில் நீர் கசிதல், காலில் புதிதாகப் பலவீனம், சிறுநீர் போவதில் மாற்றம் என்றால் நோட்டை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கால் பாதம் தூக்க வரவில்லை. திரும்புமா?

பதில்: பலருக்குத் திரும்புகிறது, எல்லோருக்கும் அல்ல. ஸ்கோலி-ரிஸ்க்-1 என்ற பன்னாட்டு ஆய்வு, சிக்கலான வளைவுக்கு ஆபரேஷன் ஆன 272 பெரியவர்களை 15 மையங்களில் பின்தொடர்ந்தது. வீடு திரும்பும்போது சுமார் 22 சதவீதம் பேருக்குக் கால் பலம் முன்பைவிடக் குறைந்திருந்தது. ஆறாவது மாதத்தில் அது 11 சதவீதமாக இறங்கியது. அதனால் இந்த ஆறு மாதத்தை வீணாக்காதீர்கள். பாதம் தொங்காமல் இருக்க ஸ்ப்ளின்ட் (பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் கட்டு), தினமும் பயிற்சி. விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும்விட முக்கியம்.

கேள்வி: ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம். காரில் ஏறும்போது முதுகில் "டக்" என்று ஒரு சத்தம், அன்றிலிருந்து வலி.

பதில்: ராட் உடைந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுங்கள். எலும்பு கூடும் வரை தாங்கிப் பிடிப்பதற்குத்தான் ராட். ஏதோ ஓர் இடத்தில் கூடாமல் விட்டால், ஒவ்வோர் அசைவிலும் அதே இடம் வளைந்து நிமிர்ந்து, உலோகம் களைத்து முறியும். இடுப்பெலும்பை ஒட்டிய அடிப்பகுதியில் இது அதிகம். எலும்பு கூடியதா என்று சிடி ஸ்கேன் காட்டும். உடைந்த ராட் எல்லாவற்றுக்கும் மறு ஆபரேஷன் வேண்டாம். வலியும் வளைவும் அதிகமானால் வேண்டியிருக்கும். புகைபிடிக்கிறீர்களா தம்பி? எலும்பு கூடாமல் போக அது ஒரு பெரிய காரணம்.

கேள்வி: சின்ன வயதில் ஹாரிங்டன் ராட் வைத்தார்கள். இப்போது 58 வயது, முன்னால் சாய்ந்துதான் நடக்கிறேன்.

பதில்: அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் பால் ஹாரிங்டன் 1962-ல் வெளியிட்ட முறை அது. பக்கவாட்டு வளைவை நேரான ராடால் இழுத்து நிமிர்த்தினார்கள். ராட் கீழ் இடுப்பு வரை இறங்கியிருந்தால், அங்கே இயல்பாக இருக்க வேண்டிய உட்குழிவும் தட்டையாகிவிடும். அப்புறம் உடம்பு முன்னால் விழாமல் இருக்க முழங்காலை மடித்தே நடக்க வேண்டிவரும், சீக்கிரம் களைப்பு வரும். உங்கள் தவறு எதுவும் இல்லை. தலையிலிருந்து இடுப்பு மூட்டு வரை தெரியும் பக்கவாட்டு எக்ஸ்ரேயை, நின்றபடி எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ராடோடு எம்ஆர்ஐ எடுக்கலாமா?

பதில்: டைட்டானியம் என்றால் பெரும்பாலும் எடுக்கலாம், ராட் அருகே படம் மங்கலாக வரும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: முதுகெலும்புகளை இடுப்பெலும்பு வரை இணைக்கப்போகிறார்கள். அப்புறம் குனியவே முடியாதா?

பதில்: இடுப்பு மூட்டில் மடங்கலாம், முதுகு மடங்காது. என்னிடம் வரும் ஒருவர் நன்றாக நடக்கிறார், ஆனால் சாக்ஸ் போட நீளக் கைப்பிடியுள்ள கருவி வேண்டும். அவரை அதிகம் வருத்தியது, கழிவறையில் பின்புறம் கை எட்டாமல் போனதுதான். வெட்கத்தால் பலர் இதைக் கேட்பதே இல்லை. ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜனிடம் கேளுங்கள். உயரமான கழிவறை இருக்கையையும் கைக்கு எட்டும் நீர்க்குழாயையும், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே வீட்டில் பொருத்திவிடுங்கள்.