தோசை மாஸ்டருக்கு எத்தனை மார்க்?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் தென்னாப்பிரிக்க வேலை பெர்மிட் பற்றி போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கே டர்பன், ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா என்று கடிதங்கள் குவிந்துவிட்டன. பெயர்களை எடுத்துவிட்டு, சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. தொழிற்சாலைகளில் ஆள் எடுக்கும் பிரிவில் உட்கார்ந்து பல வருடம் இந்தத் தாள்களோடு மல்லுக்கட்டியவன், அவ்வளவுதான்.

ஐயா, டர்பனில் சின்னதாக ஒரு சைவ ஹோட்டல் நடத்துகிறேன். மதுரையிலிருந்து ஒரு தோசை மாஸ்டரை வரவழைக்க ஆசை. 15 வருட அனுபவம், சுமாராக இங்கிலீஷ் பேசுவார். ஏஜெண்ட் ஒருவர், "டூரிஸ்ட் விசாவில் வரட்டும், இங்கே வந்ததும் வேலை விசாவாக மாற்றிவிடலாம்" என்கிறார். செய்யலாமா?

செய்யாதீர்கள். 2014-இல் வந்த விதிகளுக்குப் பிறகு, சுற்றிப்பார்க்க வந்தவர் இங்கே இருந்துகொண்டே வேலை விசாவுக்கு மாறுவது, விதிவிலக்கான சில காரணங்கள் தவிர, முடியாது. வேலை விசாவுக்கு அவர் தன் ஊரில் இருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். ஏஜெண்டுக்கு இது தெரியாமல் இருக்காது. மாட்டிக்கொண்டால் போகப்போவது அவர் தலையா என்ன?

மாட்டப்போவது நீங்கள்தான். 2002-ஆம் வருடக் குடிவரவுச் சட்டத்தின் 38-வது பிரிவு, ஆளை வேலைக்கு வைக்கும் முன் அவர் யார், இந்த வேலையைச் செய்ய அனுமதி உண்டா என்று விசாரிக்கும் கடமையை முதலாளி மேல் போட்டிருக்கிறது. அனுமதி இல்லாத ஒருவர் உங்கள் கடையில் நிற்கும்போது இன்ஸ்பெக்டர் வந்தால், அவரை வேலைக்கு வைத்தது நீங்கள்தான் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது உங்கள் பாடு. தெரிந்தே வைத்தது உறுதியானால், முதல் தடவையே அபராதம் அல்லது ஒரு வருடம் வரை சிறை.

சரி, நேர் வழியில் கேட்டால் கிடைக்குமா? 2024 அக்டோபரில் பொது வேலை விசாவுக்கு மார்க் முறை கொண்டுவந்தார்கள். மொத்தம் 100 புள்ளி தேற வேண்டும். உங்கள் மாஸ்டருக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 வருடத்துக்கு மேல் அனுபவம், அதற்கு 30. இந்த நாட்டு ஆட்சிமொழி ஒன்று தெரியும், இங்கிலீஷ், அதற்கு 10. படிப்புக்குப் புள்ளி வேண்டுமானால் டிகிரி அளவிலாவது இருக்க வேண்டும், அவரிடம் இல்லை, பூஜ்யம். சம்பளத்துக்குப் புள்ளி வேண்டுமானால் வருடத்துக்கு 6,50,000 ராண்டுக்கு மேல், அதாவது மாதம் 54,000-க்கு மேல் தர வேண்டும். உங்கள் கல்லாவில் அவ்வளவு விழுந்தால் எனக்கும் ஒரு வேலை போட்டுக்கொடுங்கள். ஆக 40. சம்பளத்தை எப்படியோ அந்த அளவுக்கு ஏற்றினாலும் 20-தான் கூடும், 60. நீங்கள் அரசு பட்டியலில் உள்ள 'நம்பகமான முதலாளி' என்றால் இன்னும் 30 உண்டு. அப்போதுகூட 90! 15 வருடம் கல்லுக்கு முன்னால் வெந்தவருக்கு இந்த நாடு போடும் மார்க் இதுதான். எனக்கே கோபம் வருகிறது, ஆனால் கணக்கு அப்படி.

ஒரு யோசனை. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் இந்நாட்டு ஜூலு இனப் பெண் ஒருவர்தான் தோசை வார்க்கிறார். ஓரம் முறுகலாக, நடுவில் பதமாக, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் மதுரைதான். பழக்க ஆறு மாதம் ஆனதாம். பெர்மிட் செலவில் பாதிகூட ஆகவில்லை.

ஜோஹன்னஸ்பர்க்கில் சிறிய கணக்குத் தணிக்கை அலுவலகம் வைத்திருக்கிறோம். சென்னையில் இருக்கும் ஒருவரை எடுக்க முடிவு செய்துவிட்டோம். டிகிரி, 11 வருட அனுபவம், வருடச் சம்பளம் 7 லட்சம் ராண்ட். எங்கிருந்து தொடங்குவது?

"முடிவு செய்துவிட்டோம்" என்கிறீர்களே, அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஆளை முடிவு செய்துவிட்டு அப்புறம் தாள் தேடுவது. இந்த நாட்டில் வரிசை தலைகீழ். 2014-ஆம் வருட வேலைவாய்ப்புச் சேவைச் சட்டப்படி, இங்கே தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி முதலில் காட்ட வேண்டும். அதற்குப் பேப்பரில் விளம்பரம் போட வேண்டும், வந்த விண்ணப்பங்களை வைத்திருக்க வேண்டும், ஒவ்வொருவரையும் ஏன் எடுக்கவில்லை என்று எழுதி வைக்க வேண்டும். தொழிலாளர் துறை பார்க்கிற விஷயங்கள் இவை: உண்மையாகவே தேடினார்களா, வருகிறவருக்கு அந்தத் தகுதி உண்டா, இங்குள்ளவருக்குத் தருவதைவிடக் குறைத்துக் கொடுக்கிறார்களா, ஒப்பந்தம் தொழிலாளர் சட்டத்துக்கு உட்பட்டதா. விளம்பரத்தில் "தமிழ் தெரிந்திருக்க வேண்டும், மயிலாப்பூர் அனுபவம் விரும்பத்தக்கது" என்கிற ரீதியில் ஒரே ஆளுக்கு அளவெடுத்துச் சட்டை தைத்தால் அவர்களுக்குப் புரியாதா?

உங்கள் ஆளுக்குப் புள்ளி போடுகிறேன். டிகிரிக்கு 30, சம்பளத்துக்கு 20, அனுபவத்துக்கு 30, மொழிக்கு 10. மொத்தம் 90. பத்து மார்க்கில் ஃபெயில்! வருடச் சம்பளத்தை 9,76,194 ராண்டுக்கு மேல் ஏற்றினால் சம்பளப் புள்ளி 50 ஆகும், தேறிவிடுவார். அவரிடம் முதுகலைப் பட்டம் இருந்தாலும் தேறலாம், படிப்புப் புள்ளி 50 ஆகிவிடும். ஆனால் இந்தியப் பட்டம் இங்கே எந்தப் படிநிலைக்குச் சமம் என்று சாக்கா என்கிற தகுதி ஆணையம் சொல்ல வேண்டும், நாம் சொன்னால் செல்லாது. அதற்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், காத்திருப்பு அங்கேதான். அவர் செய்யப்போகும் வேலை அரசின் அரிய திறன் பட்டியலில் (ஆள் தட்டுப்பாடு உள்ள வேலைகளின் பட்டியல்) இருந்தால் அது ஒன்றே 100 தந்துவிடும், மீதி எதுவும் வேண்டாம். ஆக்சுவரி (காப்பீட்டுக் கணக்கு நிபுணர்), எஞ்சினியர், சாஃப்ட்வேர் ஆட்கள் எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். சாதாரணக் கணக்காளர் என்று எழுதுவதற்கு முன் பட்டியலை ஒரு தடவை பாருங்கள். அதற்காக இல்லாத பதவியை எழுதிவிடாதீர்கள்.

பதவிப் பெயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில், கோயம்புத்தூரிலிருந்து ஒருவரை எடுத்தோம். விளம்பரத்தில் 'மேற்பார்வையாளர்', ஒப்பந்தத்தில் 'மேலாளர்'. கௌரவமாக இருக்கட்டுமே என்று யாரோ மாற்றியிருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான். விண்ணப்பம் திரும்பி வந்தது, விளம்பரத்தில் இருந்து மறுபடி தொடங்கினோம், அதற்குள் அந்த மனிதர் துபாய் போய்விட்டார்.

இன்னொன்று, கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்: நீங்கள் எடுக்கும் ஆளையும் அவர் குடும்பத்தையும் நாடு கடத்த நேர்ந்தால் செலவை நீங்கள் ஏற்பதாக எழுதிக் கொடுக்கிறீர்கள். அவர் வேலையை விட்டாலோ வேறு பதவிக்கு மாறினாலோ உள்துறைக்குத் தெரிவிக்கும் பொறுப்பும் உங்களுடையது. விசா விண்ணப்பத்தை அவரேதான் சென்னையில் உள்ள விசா மையத்தில் கொடுக்க வேண்டும். அதிகபட்சம் 5 வருடம் கிடைக்கும்.

சென்னையிலேயே உங்களுக்குக் கிளை இருந்து, அவர் அங்கே 6 மாதமாவது வேலை பார்த்திருந்தால் கம்பெனிக்குள் மாற்றல் என்று ஒரு விசா உண்டு. 4 வருடம்தான், நீட்டிக்க மாட்டார்கள். நிறைய ஆட்களை மொத்தமாக எடுக்கிற நிறுவனங்களுக்கு கார்ப்பரேட் விசா. அதற்கு ஊழியர்களில் 60 சதவீதம் இந்நாட்டுக் குடிமக்களோ நிரந்தரவாசிகளோ ஆக இருக்க வேண்டும். உங்கள் அளவுக்கு அது வேண்டாம்.

என் கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்தபோது அவருக்கு பெர்மிட் இருந்ததா? (டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து, பத்தாம் வகுப்பு மாணவி)

இருந்ததம்மா, அவருக்குப் பெயரைவிட அதுதான் முக்கியம். 1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து முதல் ஆட்களை டர்பனில் இறக்கியது. ஆளுக்கு ஒரு நம்பர், ஒரு முதலாளி, 5 வருட ஒப்பந்தம். எஜமானர் சீட்டு இல்லாமல் தோட்டத்தைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மீது 1895-இல் வருடத்துக்கு 3 பவுண்டு வரி போட ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், 1914-இல்தான் அது ஒழிந்தது. இன்றைய விசாவும் 5 வருடம், ஒரே முதலாளி. தாத்தாவின் நம்பர் தெரிந்தால் கப்பல் பதிவேட்டில் அவர் ஊர் பெயரைத் தேடிப் பார்க்கலாம், உன் பாட்டியிடம் கேள்.

அண்ணா, நான் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். விசா முடிந்து நாலு மாதம் ஆகிவிட்டது. முதலாளி புதுப்பிப்பதாகச் சொல்லி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று மாதச் சம்பளம் பாக்கி. கேட்டால் "உனக்கு பெர்மிட்டே இல்லை, எங்கே போய்ச் சொல்வாய்" என்கிறார்.

தம்பி, அவர் சொல்வது தவறு. பெர்மிட் இல்லாதவரும் ஊழியர்தான் என்று 2008-இல் தொழிலாளர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மேலே சொன்ன 2014-ஆம் வருட வேலைவாய்ப்புச் சேவைச் சட்டமும், அனுமதி இல்லாமல் வேலை பார்த்தவர் தனக்கு வர வேண்டியதைக் கேட்டு வாங்கலாம் என்கிறது. செய்த வேலைக்குக் கூலி உண்டு. வேலையை விட்டு நிறுத்தினால் 30 நாளுக்குள் சமரச ஆணையமான சிசிஎம்ஏ-வில் மனு கொடுக்க வேண்டும், அங்கே கட்டணம் இல்லை. வேலை வாங்கித் தருவதற்கென்று உன்னிடம் யாராவது பணம் வாங்கியிருந்தால் அதுவும் இந்நாட்டுச் சட்டப்படி தப்பு, அதையும் எழுதிக் கொடு.

ஆனால் உன்னை நான் ஏமாற்றக்கூடாது. சம்பளம் கேட்கும் உரிமை வேறு, இங்கே தங்கும் உரிமை வேறு. விசா முடிந்து 30 நாளுக்கு மேல் இருந்துவிட்டால், போகும்போது 5 வருடம் திரும்ப வரத் தடை விழும். அதனால் தனியாகப் போகாதே. உள்ளூரில் இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலைப் பார், பாஸ்போர்ட் விஷயத்தை அவர் முன்னால் வைத்தே பேசு. சம்பளம் போட்ட தேதி, வாட்ஸ்அப் செய்தி, கடையில் எடுத்த படம், எல்லாவற்றையும் முதலில் ஒரு நண்பருக்கு அனுப்பிவை.

என் கணவருக்கு பிரிட்டோரியாவில் வேலை விசா. அவரோடு வந்திருக்கிறேன். வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்கலாமா?

கூடாதும்மா. உங்களுக்குக் கொடுத்திருப்பது கூட வந்து தங்குவதற்கான விசா, சம்பாதிப்பதற்கு அல்ல. உங்கள் பெயரில் தனியாக வேலை விசா வேண்டும். கணவர் இந்நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருந்தால், மனைவி விசாவிலேயே வேலை செய்யும் அனுமதியைச் சேர்த்துக் கேட்டிருக்கலாம். காசு வாங்காமல் நாலு பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக் கொடுத்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்று எனக்கும் தோன்றுகிறது, ஆனால் பத்திரிகையில் அப்படி எழுத முடியாது.

என் விசா முடிய இன்னும் 70 நாள் இருக்கிறது. அவசரமா?

விசா முடிவதற்கு 60 நாளுக்கு முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிட வேண்டும். உங்கள் கடிதம் எனக்கு வந்து சேரவே ஆறு நாள் ஆகியிருக்கிறது. அதனால்தான் நேற்றே போனில் சொன்னேன்.