மெஸ்ஸர்ஷ்மிட் 262, மீட்டியர்: எதன் எஞ்சினுக்கு வளர இடமிருந்தது?

1944-இல் போருக்கு வந்த முதல் ஜெட் போர் விமானங்களான ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262, பிரிட்டனின் கிளாஸ்டர் மீட்டியர் ஆகிய இரண்டில் எதற்கு மேலும் வளரும் வாய்ப்பு அதிகம் இருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். விமானத்தின் உடலையும் எஞ்சினையும் தனித்தனியே எடைபோடாமல் இதற்கு நேர்மையான விடை சொல்ல முடியாது என்பது என் உறுதியான கருத்து.

அன்றைய வேகத்தை மட்டும் பார்த்தால் ஜெர்மன் விமானமே முந்துகிறது. அது மணிக்குச் சுமார் 870 கி.மீ. வேகத்தில் பறந்தது, முதல் மீட்டியர் 670 கி.மீ. அளவிலேயே நின்றுவிட்டது. (மெஸ்ஸர்ஷ்மிட்டின் இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருந்தது வேகத்துக்காக என்று பலர் எழுதுகிறார்கள், ஆனால் எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கனமாக வந்ததால், எடைமையத்தைச் சரிசெய்யவே அது முதலில் சாய்க்கப்பட்டது.)

மெஸ்ஸர்ஷ்மிட்டின் யூமோ 004 எஞ்சின், காற்றை நேர்கோட்டில் 8 அடுக்குகளில் அழுத்தும் அச்சுவழிக் கம்ப்ரசர் கொண்டது. உந்துவிசை ஏறத்தாழ 900 கிலோ. வெப்பம் தாங்கும் உலோகக் கலவைகளுக்குத் தேவையான நிக்கலும் கோபால்ட்டும் போதிய அளவு கிடைக்காத நிலையில், எரியறைகளை அலுமினியம் பூசிய சாதாரண எஃகிலேயே செய்தார்கள். சூடான வாயுவால் சுழலும் டர்பைன் பிளேடுகளை உள்ளீடற்றவையாகச் செய்து, அந்தக் குழிவின் வழியே காற்றைச் செலுத்திக் குளிர்வித்தார்கள். அந்த அறிவுக்கூர்மையை நான் மனமார மதிக்கிறேன். ஆயினும் எஞ்சினின் ஆயுள் 10 முதல் 25 மணி நேரம்தான். விமானி எரிபொருளைக் கூட்டும் திராட்டில் நெம்புகோலைச் சற்று வேகமாகத் தள்ளினாலே எரிபொருள் மிகுந்து வெப்பம் எகிறும், அல்லது எஞ்சின் அணைந்துவிடும்.

மீட்டியரின் வெல்லண்ட் எஞ்சினோ, காற்றைச் சுழற்றி வெளிப்புறமாக வீசி அழுத்தும் மையவிலக்குக் கம்ப்ரசர் கொண்டது. சுற்றளவில் பருத்தது, உந்துவிசையும் சுமார் 725 கிலோதான். ஆனால் வெப்பம் தாங்கும் நிக்கல் உலோகக் கலவை பிரிட்டனிடம் இருந்ததால், 180 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துப் பழுதுபார்த்தால் போதுமானதாக இருந்தது. 1944 அக்டோபரில் சோதனை மேடையில் ஓடத் தொடங்கிய நீன் என்ற பிரிட்டனின் மற்றொரு மையவிலக்கு எஞ்சின் விரைவிலேயே 2,270 கிலோவை எட்டியது. அதைச் சிறிதாக்கிச் செய்த டெர்வென்ட் 5 எஞ்சின்களுடன் மீட்டியர் 1945 நவம்பர் 7 அன்று மணிக்கு 975 கி.மீ. வேகத்தில் பறந்து உலகச் சாதனை படைத்தது.

பிற்கால ஜெட் எஞ்சின்கள் அச்சுவழிக்கே போய்ச் சேர்ந்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் யூமோவுக்குக் குறை வடிவத்தில் இல்லை, உலோகத்தில் இருந்தது. அந்தப் பத்தாண்டில் வளர இடமிருந்தது மையவிலக்கு எஞ்சினுக்கே. போருக்குப் பின் சோவியத் நாடு விலைக்கு வாங்கியதும் நீன் எஞ்சினைத்தான். அதைப் பார்த்துச் செய்த எஞ்சினுடன்தான் சோவியத் ஜெட் போர் விமானமான மிக்-15 பறந்தது.