கீழே விழுந்து பயந்துபோன ஹாம்ஸ்டர் மறுபடி கைக்கு வருமா?

எலி போன்ற குட்டி வளர்ப்புப் பிராணியான உங்கள் ஹாம்ஸ்டர், தவறிக் கீழே விழுந்ததிலிருந்து கையைக் கண்டாலே கடிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வரும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும். முதலில் நொண்டுகிறதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்று பாருங்கள்; சந்தேகமிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மூன்று நாள் தொடவே வேண்டாம். தீனி, தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். அதற்குக் கண் மங்கல், மூக்குதான் எல்லாம். வாசனை சேர்க்காத டிஷ்யூ பேப்பரை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருந்து, கிழித்துக் கூண்டுக்குள் போடுங்கள். கன்னப் பையில் திணித்துக்கொண்டு போய்க் கூடு கட்டும். உங்கள் வாசனையிலேயே தூங்கிப் பழகும். இந்தச் சமயத்தில் கூண்டை முழுசாகக் கழுவிவிடாதீர்கள். அதன் சொந்த வாசனை போய்விட்டால் பயம் கூடும்.

பிறகு, மாலையில் தானாக விழித்ததும், நன்றாகக் கழுவிய கையைத் தரையோடு தரையாக நீட்டி, நடுவில் ஒரு சூரியகாந்தி விதை வையுங்கள். தீனி வாசம் ஒட்டிய விரலைத் தீனி என்றே கடிக்கும். மேலிருந்து கை இறங்கினால், பருந்து பாய்வதுபோல்தான் அதற்கு. காதை மடக்கி உறைந்து நின்றால் அன்றைக்கு அவ்வளவுதான், விட்டுவிடுங்கள். கடித்தாலும் வெடுக்கென்று உதறாதீர்கள், மறுபடி விழும். இடம் மாற்ற வேண்டுமென்றால் ஒரு மக்கைச் சாய்த்து வையுங்கள், தானே நுழைந்துகொள்ளும்.