மான்கொம்பும் மாரி மழையும்: கேள்வி பதில்

புள்ளிமான், மரை (கடமான்) இரண்டின் கொம்பு பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில். கொம்பு என்ன விலை போகும் என்று கேட்டு வந்தவற்றை ஒதுக்கிவிட்டேன்.

வாழைச்சேனை வாசகர்: சேர், மழை கூடின வருசம் மான்கொம்பு பெரிசா வருமெண்டு சொல்றாங்களே, உண்மையா?

பாதி உண்மை. எவ்வளவு பெய்தது என்பதை விட, அந்த ஈரம் எத்தனை மாதம் புல்லைப் பச்சையாக வைத்திருந்தது என்பதே கணக்கு. நமது கிழக்கிலங்கைப் பக்கம் ஆண்டு மழை 1,700 மில்லிமீற்றர் அளவில். அதில் பாதிக்கு மேல் கார்த்திகை, மார்கழி, தையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும்.

வளரும் கொம்பு, கல்சியம் ஏறி இறுகும் வரை பெரும்பாலும் புரதம்தான். இளந்துளிர்ப் புல்லில் புரதம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும். கோடையில் வீசும் கச்சான் காற்றில் காய்ந்த இலுக்குப் புல்லில் நாலு, ஐந்து தேறினாலே பெரிது. தீனியில் அது 7 சதவீதத்துக்குக் கீழே போனால் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களுக்கே நைதரசன் பற்றாது. வயிறு நிறைந்திருக்கும், ஆனால் தின்றது சமிக்காது. கிடைப்பதில் மான் முதலில் உடம்பைக் காப்பாற்றும். மிஞ்சியதுதான் கொம்புக்கு.

இங்கே குளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாரியில் சேனநாயக்க சமுத்திரம் நிறைந்தால், கோடையில் நீர் வற்ற வற்ற ஈரத்தரை வெளியே வரும். காடு கருகிக் கிடக்கும் ஆவணியில் அந்தத் தரையில் பச்சைப் புல். குளம் அரைகுறையாக நிறைந்த வருடம் மேல்விளிம்பு நனையவே இல்லை, புல்லும் இல்லை. மாறாக, நீர் இறங்காமலே நின்றாலும் அந்தத் தரை தண்ணீருக்கடியில்தான். ஆகவே மழை கூடியும் கொம்பு குட்டையாகலாம்.

பொத்துவில் வாசகர்: குமணாக் காட்டில ஒரே கூட்டத்தில ஒரு கலைக்கு (ஆண் மானுக்கு) நல்ல கொம்பு, பக்கத்தில நிண்டதுக்குச் சின்னன். ரெண்டும் ஒரே புல்லைத்தானே தின்னுது?

நல்ல கேள்வி. குளிர்நாட்டு மான்கள் எல்லாம் ஒரே பருவத்தில் கொம்பு விழுத்தி மறுபடி வளர்க்கும். நமது புள்ளிமானில் ஒவ்வொரு கலைக்கும் தனிக் கணக்கு. எந்த மாதம் போனாலும் வளரும் கொம்பை மூடிய வெல்வெட் தோலோடு ஒன்று, இறுகிய கொம்போடு ஒன்று நிற்கும். தையில் கொம்பு விழுத்தியது துளிர்ப்புல்லில் வளர்க்கும். ஆனியில் விழுத்தியது சருகைத் தின்று வளர்க்கும். வயதும் சேரும்: முதல் கொம்பு வெறும் ஊசிதான், உடல் முற்றிய பிறகே முழு அளவு.

இறுகும் காலத்தில் தீனியில் கிடைக்கும் கல்சியமும் பொசுபரசும் போதாது. விலா எலும்பிலிருந்து கடன் வாங்கும், பிறகு தின்று அடைக்கும். கடனை அடைக்கும் காலத்தில் வரட்சி வந்தால் அடுத்த கொம்பிலும் அது தெரியலாம்.

சம்மாந்துறை வாசகர்: கிளையை எண்ணி வயசு சொல்லலாமா நானா?

முடியாது. புள்ளிமானுக்கும் மரைக்கும் வளர்ந்த பிறகு ஒரு கொம்புக்கு மூன்று முனைதான், கிழடானாலும் மூன்றுதான். வயதுக்குப் பல் தேய்மானத்தைப் பார்ப்பார்கள்.

அக்கரைப்பற்று வாசகர்: காட்டோரம் வாற மானுக்குப் பாணும் தவிடும் வச்சா கொம்பு பெருக்குமா?

வைக்காதீர்கள். பாண், சோறு, தவிடு எல்லாம் மாப்பொருள். பழக்கமில்லாத இரைப்பையில் திடீரென்று போனால் புளித்து அமிலமாகும். ஓரிரு நாளில் மான் செத்தும் போகலாம். பொலித்தீன் பையோடு வீசுவது அதைவிட மோசம். திருகோணமலைக் கோட்டையில் குப்பை தின்னும் மான்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மட்டக்களப்புப் பட்டிக்காரர்: கொம்பு சின்னனானா உடனே பட்டி மாட்டிலதான் பழி. மாடு மேஞ்ச இடத்திலதான் புல் துளிர்க்குது, மானும் அங்கதான் வருது. இதுக்கு என்ன சொல்றீங்க?

துளிர்ப்பது சரி, மறுக்கவில்லை. ஆளுயரம் முற்றிய புல்லை மான் தொடாது. மாடு கடித்துத் தாழ்த்தினால் அடியிலிருந்து இளம்புல் வரும். ஆனால் அதற்கு ஈரம் வேண்டும், இரண்டு மூன்று வாரம் ஓய்வும் வேண்டும். ஆவணியில் குளத்தோரத்தில் நூற்றுக்கணக்கில் மாடு நின்றால் புல் வேரோடு போகும்.

அவரே: அப்ப எருமையும் யானையும் தின்னல்லயா?

தின்னுகின்றன. யானை இடம் மாறிப் போகும், பட்டி வேறு தரை கிடைக்கும் வரை அங்கேயே நிற்கும். மேய்ச்சல் தரை சுருங்கிப் போனது உங்கள் குற்றம் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் புல்லின் கணக்கு மாறாது. காடு வெட்டிய இடமெல்லாம் நாயுண்ணிப் பற்றை ஏறியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதை மாடும் மானும் பெரும்பாலும் தின்னாது.

களுவாஞ்சிக்குடி வாசகர்: ஆறு முனை எண்டா ஆறு வயசா?

மேலே சம்மாந்துறைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கல்முனை வாசகர்: வீட்டுப் பக்கம் வாற மானுக்குக் கொஞ்சம் சோறு மட்டும்...?

இல்லை. பாணுக்குச் சொன்னதுதான் சோற்றுக்கும்.

ஏறாவூர் வாசகர்: சருகுமானுக்கு ஏன் கொம்பே இல்ல?

அது வேறு குடும்பம். ஆணுக்குக் கொம்புக்குப் பதில் கூரிய கோரைப்பல்.

அம்பாறை வாசகர்: ஒரு பக்கக் கொம்பு மட்டும் கோணல். தீனிக் குறையா?

தீனி குறைந்தால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் சிறுக்கும். ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் அடிபட்டது. வெல்வெட் தோலுக்குள் இரத்தம் ஓடும் காலத்தில் ஒரு மோதல் போதும். கம்பிக் கண்ணியில் பின்கால் போனாலும் எதிர்ப்பக்கக் கொம்பு கோணலாகலாம். காலை முதலில் பாருங்கள்.

இங்கினியாகலை வாசகர்: விழுந்து கிடந்த கொம்பில கீறல் கீறலா இருந்திச்சு. நோயா?

முள்ளம்பன்றி கொறித்தது. இரண்டு பல் ஒட்டி இழுத்த தடம் இணையாகத் தெரியும். மானே வாயில் போட்டுக் கடிப்பதும் உண்டு. கல்சியமும் பொசுபரசும் அப்படித்தான் காட்டுக்குத் திரும்புகின்றன. தேசியப் பூங்காவுக்குள் கிடப்பதை எடுப்பது குற்றமும்கூட. படம் எடுத்துக்கொண்டு, கொம்பைக் கிடந்த இடத்திலேயே விட்டு வாருங்கள்.