கனம் எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிளாக் சபாத் என்ற ஆங்கில ராக் குழுவின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தொகுப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் கிட்டாரின் சுருதியையும் வழக்கமான ஈ-யிலிருந்து சி ஷார்ப்புக்கு இறக்கினேன். 12–56 கம்பி (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்டு, ஆம்ப் எனும் ஒலிபெருக்கியின் கெய்னை (ஒலியைக் கரகரப்பாக்கும் திருகை) முழுக்கத் திருப்பினேன். அந்த ஒலி வரவில்லை. சுருதி கூட்டும்போது தடித்த கம்பி நட்டில் (கழுத்தின் நுனியில் கம்பிகள் பதியும் பள்ளங்கள் உள்ள துண்டு) மாட்டி 'டிங்' என்கிறது. கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) சேறாகக் கலங்கிக் கேட்கின்றன. ஒரே கிட்டாரை வைத்து 1971இல் எப்படிச் சாதித்தார்கள்? இன்னொரு கேள்வி: வீட்டில் இதைச் சாத்தான் பாட்டு என்கிறார்கள். உண்மையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்தத் தடித்த கம்பிகளைக் கழற்றிவிடுங்கள். சபாத்தின் கிட்டார்க் கலைஞர் டோனி அயோமி செய்தது இதற்கு நேர் எதிரானது. பர்மிங்காமில் ஒரு தகட்டு ஆலையில் வேலை பார்த்தபோது, 17 வயதில், எந்திரத்தில் சிக்கி அவருடைய வலக்கை நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மேடு) அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்து, அதன்மேல் தோல் ஒட்டி வாசித்தார். விறைப்பான கம்பியை அந்த விரல்களால் அழுத்துவதும் வளைப்பதும் பெரும்பாடு. அதனால் மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். இந்தத் தொகுப்பில் சுருதியையும் மூன்று செமிடோன் (அரை ஸ்வரம்) இறக்கினார். பேஸ் வாசித்த கீஸர் பட்லரும் கூடவே இறக்கிக்கொண்டார்.

கனம் அந்தத் தளர்ச்சியில்தான் இருக்கிறது. கம்பி மாறாமல் சுருதி மட்டும் இறங்கினால், இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். கீழ் ஈ 82.4 ஹெர்ட்ஸ், சி ஷார்ப் 69.3. கிப்ஸன் கிட்டாரின் 24.75 அங்குல நீளத்தில் 46 கம்பி ஈ-யில் சுமார் ஏழரை கிலோ இழுக்கும், சி ஷார்ப்பில் ஐந்தேகால்தான். ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடுகிறது. 56 போட்டதன் மூலம் நீங்கள் அதை முழுவதும் திரும்பக் கொண்டுவந்துவிட்டீர்கள். பின்னாளைய மெட்டல் பலவற்றுக்கு அந்த விறைப்பு பொருந்தும். இதற்குப் பொருந்தாது.

10–46க்குத் திரும்பினால் நட் தொல்லையும் தீரும். 46க்கு வெட்டிய பள்ளத்தில் 56 அடங்காமல் இறுகி நின்று, சட்டென்று நழுவும்போது எழுவதுதான் அந்த 'டிங்'. ஆனால் வேறு வேலைகள் வரும். இழுவிசை குறைந்ததும் கழுத்து பின்பக்கம் சாயும், முதல் சில ஃபிரெட்டுகளில் கம்பி உரசும். டிரஸ் ராடை (கழுத்துக்குள் இருந்து வளைவைச் சரிசெய்யும் தண்டு) கால் சுற்று தளர்த்தி, ஒருநாள் விட்டுப் பாருங்கள். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் ஒருசேர அழுத்தினால் 7ஆம் ஃபிரெட் அருகே 0.3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். 12ஆம் ஃபிரெட்டில் தடித்த கம்பியின் உயரம் 2 மி.மீ.க்குச் சற்று மேலே இருக்கலாம். அங்கே ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய ஸ்வரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறிக் கேட்டால் கம்பியின் மறுமுனை உட்காரும் பிரிட்ஜ் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

கையையும் மாற்ற வேண்டும். தளர்ந்த கம்பியை ஓங்கி அடித்தால் ஸ்வரம் முதலில் மேலேறிப் பிறகு இறங்கும். இறுக்கி அழுத்தினாலும் ஏறும். கார்டு கலங்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதி, கெய்ன். அயோமி தன் லேனி ஆம்புக்கு முன்னால் ரேஞ்ச்மாஸ்டர் என்ற டிரெபிள் பூஸ்டரை வைத்திருந்தார். அது மேல் அலைகளைத் தூக்கிவிட்டு அடி அலைகளைக் குறைவாகவே உள்ளே அனுப்பும். அதனால் ஆம்ப் சிதறடிக்கும்போதும் ஸ்வரம் தெளிவாக நிற்கும். நீங்களும் அடி அலைகளை டிஸ்டார்ஷனுக்கு (ஒலிச் சிதைவுக்கு) முன்பே வெட்டுங்கள், கெய்னைப் பாதியில் வையுங்கள், மிட்டை (நடு அலைகளை) கூட்டுங்கள்.

"ஒரே கிட்டாரா?" என்று கேட்டீர்கள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பவர் கார்டு என்ற இரு ஸ்வரக் கூட்டில் சி ஷார்ப்பும் (69.3) ஜி ஷார்ப்பும் (103.8) சேர்ந்து ஒலிக்கின்றன. டிஸ்டார்ஷன் இவ்விரண்டின் வித்தியாசத்தையும் ஒரு ஸ்வரமாக எழுப்பும்: ஏறத்தாழ 34.5 ஹெர்ட்ஸ். சி ஷார்ப்புக்கு இறக்கிய பட்லரின் கீழ்க்கம்பி 34.6. கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 75 ஹெர்ட்ஸுக்குக் கீழே தளர்ந்துவிடும். ஆம்ப் நிழலாகக் காட்டும் அந்த அடியொலிக்கு உடலைத் தருவது பேஸ். பட்லர் பெரும்பாலும் ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை) ஒட்டியே வாசித்து, ரிஃபின் முடிவுகளில் மட்டும் விலகி ஓடுகிறார். தனியாக வாசிக்கும்வரை உங்களுக்கு இது கிடைக்காது. ஒரு பேஸ் வாசிப்பவரைத் தேடிப் பிடியுங்கள்.

தொகுப்பு முழுவதும் இப்படி இறங்கியது அல்ல. 'சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்', 'லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட்', 'இன்ட்டு த வாய்ட்' மூன்றும்தான் சி ஷார்ப். முதல் தொகுப்பைச் சபாத் ஒரே நாளில் வாசித்து முடித்தது. இதற்கு லண்டன் ஐலண்ட் ஸ்டுடியோவில், ரோட்ஜர் பெய்ன் தயாரிப்பில், 1971 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நேரம் கிடைத்தது. சுருதியை மாற்றிப் பார்க்க முடிந்தது அதனால்தான். 'சாலிட்யூட்' பாடலில் அயோமி புல்லாங்குழல்கூட வாசிக்கிறார். அந்த அமைதியை அடுத்து வரும் 'இன்ட்டு த வாய்ட்' இரட்டிப்பாகக் கனக்கிறது.

சாத்தான் விஷயம். சபாத்தின் பாடல் வரிகளைப் பெரும்பாலும் எழுதிய பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். 'ஆஃப்டர் ஃபாரெவர்' கடவுளை ஏளனம் செய்வோரைப் பார்த்து, சாவு நெருங்கும்போதும் இப்படித்தான் பேசுவாயா என்று கேட்கும் பாடல். வெளிப்படையான கிறிஸ்தவப் பாடல் என்றே சொல்லலாம். 'லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட்' பாடலில் சாத்தான் பேசுவது உண்மை. ஆனால் பேராசையாலும் செருக்காலும் என்னைத் தேர்ந்தெடுத்தது நீதான் என்று மனிதனைக் குற்றம் சாட்டவே பேசுகிறான். 'சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்' அணுகுண்டு அச்சத்தில் வளரும் இளைஞர்களைப் பற்றியது. 'இன்ட்டு த வாய்ட்' மாசுபட்ட பூமியைக் கைவிட்டு ராக்கெட்டில் வெளியேறுவோரின் கதை. 'ஸ்வீட் லீஃப்' மட்டும் கஞ்சாவைப் புகழ்கிறது. தொடக்கத்தில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் இருமல் அயோமியுடையது. அந்தப் பாடலுக்காக உங்கள் வீட்டாரிடம் நான் வாதாட மாட்டேன்.

வாசிக்க 'சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்' பாடலை முதலில் எடுங்கள்; ஒரே ஓட்டம், கை பழகிவிடும். 'இன்ட்டு த வாய்ட்' பிறகு. வேகம் மாறும் அந்தப் பாடலில் டிரம்மர் பில் வார்டே பதிவின்போது திணறியிருக்கிறார்.