அப்பா எழுதிக்கொடுத்த மாந்தோப்பில் கணவருக்குப் பாதியா?

சகோதரி, போச்சம்பள்ளிப் பக்கம் அப்பா உங்களுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்த இரண்டு ஏக்கர் மாந்தோப்பில் பாதி தந்தால்தான் விவாகரத்து என்கிறார் கணவர், அதோடு தோப்பு இருப்பதால் ஜீவனாம்சமும் கிடையாது என்கிறார், சரிதானே?

முதல் மிரட்டல் வெறும் பேச்சு. கல்யாணம் ஆனதாலேயே மனைவி சொத்தில் கணவனுக்குப் பங்கு என்று இந்துச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. பத்திரத்தில் அப்பா நிபந்தனை எதுவும் போடாதவரை, 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் 14ஆம் பிரிவுப்படி தோப்பு முழுக்க உங்களுடையது.

இரண்டாவதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. இந்து திருமணச் சட்டம் 25ஆம் பிரிவில் இருவருடைய வருமானம், சொத்து இரண்டையும் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்வார்கள், அதனால் பெங்களூரா மாங்காய்க்கு வருஷா வருஷம் வரும் குத்தகைப் பணமும் கணக்கில் சேரும். தொகை குறையலாம், அதற்காக ஒன்றுமே கிடைக்காது என்றில்லை. குத்தகையை மட்டும் மறைக்காதீர்கள். 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, ஜீவனாம்ச வழக்கில் இருதரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். அவர் சம்பளமும் அதில்தான் வெளியே வரும்.

அப்புறம், பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் உடனே மாற்றுங்கள். ஊர்ப் பெரியவர்கள் சமரசம் பேசுகிறேன் என்று வந்தால் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.